விஷத்தை உறிஞ்சும் காட்சி

மருத்துவமனை நடைவழியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வாய் உப்புக் கரித்தது. துப்பினால் ரத்தம். ஈறிலிருந்து கசிந்துகொண்டிருந்தது.

வலது முழங்காலுக்குக் கீழே என் கணவரின் துண்டு இறுகக் கட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே கால் ஊதிக் கருநீலமாகியிருந்தது. பிளேடால் கீறிய இடத்திலிருந்து ரத்தம் நிற்காமல் ஒழுகியது.

"யாருங்க இப்படிக் கட்டுனது?" என்று கேட்டார் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர்.

"நான்தாங்க டாக்டர். கீறி, வாயால உறிஞ்சித் துப்பிட்டேன். முக்காவாசி விஷம் வெளிய வந்துடுச்சி," என்றார் என் கணவர். சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"வெளிய வந்தது விஷம் இல்லீங்க. அவங்க ரத்தம்."

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

பாம்புக்கடியிலிருந்து தேறிவருகிறவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நாங்கள் ஜவ்வாது மலையில் சாமை பயிரிடுகிறவர்கள். எது எப்போது நடந்தது என்று நினைவில் வைப்பது என் பழக்கம். பாம்பு கடித்தது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, சாமை அறுப்பின் முதல் நாள். வெயில் ஏறத் தொடங்கிய நேரம். மருத்துவர் கேட்டபோது என்னால் தடுமாறாமல் சொல்ல முடிந்தது.

என் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் வைத்தார்கள். உறைய வேண்டிய நேரம் கடந்தும் அது தண்ணீராகவே இருந்தது. கடித்தது கண்ணாடி விரியன் (ரத்தத்தை உறையவிடாமல் செய்து சிறுநீரகத்தையும் கெடுக்கும் பாம்பு). விஷமுறிவு மருந்து (பாம்பு விஷத்தைச் செயலிழக்கச் செய்யும் ஊசி மருந்து) ஏற்றத் தொடங்கிய பிறகுதான், மெல்ல மெல்ல, துண்டை அவிழ்த்தார்கள்.

அந்தத் துண்டு ஒரு சினிமாவிலிருந்து வந்தது. மலைக்காட்டில் நாயகியைப் பாம்பு கடிக்கும். நாயகன் தலைப்பாகையைக் கிழித்துக் கட்டுவான், கீறுவான், உறிஞ்சித் துப்புவான். அவள் கண் திறப்பாள், பாட்டு தொடங்கும். ஆலங்காயம் கொட்டகையில் என் கணவர் வாலிபத்தில் பார்த்த படம். இப்போது கைபேசியில் வைத்துப் பார்க்கிறார். "கேட்டுக்கிட்டு நிக்கிறவன் ஆம்பள இல்ல, எறங்கிச் செய்றவன்தான் ஆம்பள" என்று அடிக்கடி சொல்வார். அது அந்தப் படத்து வசனமா, அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டதா என்பது அவருக்கே தெரியாது.

அந்தப் படம் அவரை நல்ல மனிதராகவும் ஆக்கியிருக்கிறது. மலைப்பாதையில் பேருந்து கவிழ்ந்தபோது பள்ளத்தில் முதலில் இறங்கியவர் அவர்தான். யாருக்காவது ரத்தம் தேவை என்றால் அறுப்பை விட்டுவிட்டு ஓடுவார். இதையும் அதையும் பிரித்தெடுக்க முடியவில்லை என்பதுதான் என் எரிச்சல். என் காலைக் கெடுத்த கையும் அதே கைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டக்கூடாது, கீறக்கூடாது என்று நான் படித்திருந்தேன். ஆனாலும் அவர் என் காலில் வாய் வைத்தபோது வலிக்கு நடுவே எனக்குப் பெருமையாக இருந்தது. படத்தில் நாயகி கண்ணை மூடிக் கிடப்பாள். நானும் மூடிக்கொண்டேன்.

அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். சிறுநீர் நின்றுபோனதால் டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியாக ரத்தத்தைச் சுத்திகரிப்பது) செய்தார்கள். கட்டியிருந்த இடத்துக்குக் கீழே சதை அழுகியது. அதை வெட்டி எடுத்து, தொடைத் தோலைச் சீவி அங்கே ஒட்டினார்கள். சிறுநீரகம் கெட்டது பாம்பின் வேலை. கால் இவ்வளவு அழுகியதற்குக் கட்டும் கீறலும் பெரிய காரணம் என்றார் அறுவை மருத்துவர். நேராக வந்திருந்தால் என்று கேட்டேன். "இவ்வளவு ஆகியிருக்காதும்மா."

பார்க்க வந்த நாத்தனார் என் கட்டிலருகே நின்று கண் கலங்கினாள். "எந்த ஆம்பள அண்ணி இப்படிச் செய்வான்? எங்கண்ணன் உசுரையே வச்சிக் காப்பாத்துச்சி. சினிமாலதான் பாத்துருக்கோம்."

"சினிமால பாத்ததாலதான் என் காலு இப்படி ஆச்சி."

"இன்னா அண்ணி பேசற? நன்றி வாணாமா?"

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன். தை பிறக்கும்போது ஊன்றுகோலோடு வீடு திரும்பினேன். அதற்குள் என் கணவர் ஊரில் "விஷம் எடுக்கறவர்" ஆகியிருந்தார். என் மௌனம் அந்தப் பெயருக்கு உரம் போட்டிருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பங்குனியில், புளி உலுக்கும் சமயம், பக்கத்து நிலத்துச் சாந்தி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். "அண்ணே, வாண்ணே! எங்கூட்டுக்காரர பாம்பு புடிச்சிடுச்சி. நீதான் எடுக்கணும்!"

பின்னாலேயே அவள் கணவனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். என் கணவர் தோளிலிருந்து துண்டை உருவினார்.

"தொடாதீங்க," என்றேன்.

"நேரம் ஆவுது. நீ உள்ள போ."

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தேன். கூடியிருந்த எல்லோர் முன்னாலும் புடவையை முழங்கால் வரை தூக்கினேன். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் செய்யாத காரியம்.

"சாந்தி, இதப் பாரு. பாம்பு போட்டது ரெண்டு பொட்டு. இந்தப் பள்ளம் துண்டும் பிளேடும் பண்ணது. உம்புருசன் காலு உனக்கு வேணுமா, வாணாமா?"

"உசுரக் காப்பாத்துனவரப் போய் நாலு பேர் முன்னால..." என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

என் கணவர் என் காலைப் பார்த்தார். புண்ணுக்குக் கட்டு மாற்றும்போதெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது வழக்கம். பகல் வெளிச்சத்தில் அதை முழுதாகப் பார்த்தது அன்றுதான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வண்டியக் கொண்டாங்கடா. காலு ஆடாமப் புடிங்க," என்றார். அவரே கூட ஏறிப் போனார்.

சாந்தியின் கணவன் சீக்கிரமே தன் காலால் நடந்து திரும்பினான். ஊர் சும்மா இருக்கவில்லை. "அவனுக்கு விஷமே ஏறல, அதான் பொழச்சான்" என்றது. எனக்கு வாயாடி என்ற பெயர் நிலைத்தது. என் கணவர் அன்றைய பேச்சை இதுவரை எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, கோபமும் காட்டவில்லை.

படத்தில் கடிபட்டதற்கும் கண் திறப்பதற்கும் நடுவே ஒரு நிமிஷம் இருந்தால் அதிகம். எனக்குப் புரட்டாசியில் தொடங்கிய காட்சி இன்னும் ஓடுகிறது. குளிர்காற்று அடித்தால் தோல் இழுக்கிறது. கிணற்றடிக்குப் போவது ஒரு பயணமாகிவிட்டது.

தோல் வறளாமல் இருக்க எண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலங்களில் கணவர் தேங்காய் எண்ணெயோடு வந்து உட்காருகிறார். இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. ஒட்டிய தோலில் உணர்ச்சி கிடையாது. கண்ணை மூடினால் அவர் கை அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.

நான் கண்ணை மூடுவதில்லை.