இரண்டாவது முயற்சியில் சரி

மாலை ஐந்து மணிக்குச் சிப்பின் வரைபடம் ஆலைக்குப் போக வேண்டும். காலை பத்தேகாலுக்குப் பூட்டக்கா பேனா மூடியைக் கழற்றினார். பன்னிரண்டு மணி ஆகியும் கையெழுத்து விழவில்லை. மூடியையும் திரும்பப் போடவில்லை.

படிவத்தில் மூன்று கையெழுத்து. சிப்பை வரைந்த அணியின் சார்பில், நாங்கள் தாடி என்று கூப்பிடும் அதன் தலைவர் போட்டுவிட்டார். திட்டத் தலைவரான கேப்டன் கடைசியில் போடுவார். நடுக்கட்டம் மென்பொருளுக்கு, அதாவது பூட்டக்காவுக்கு. ஆலையில் அச்சாகிவிட்ட சிப்பை அழித்து எழுத முடியாது. பிழை இருந்தால் அந்த வார்ப்பு முழுவதும் குப்பைதான்.

எங்கள் சிப்புக்குள் எட்டு கோர்கள். எட்டும் தனித்தனியாகக் கணக்குப் போடும். ஆனால் எழுதி வைத்துப் படிக்க எல்லாவற்றுக்கும் ஒரே பொது நினைவகம். எட்டையும் எழுப்பி, வேலையைப் பிரித்துக் கொடுத்து, ஒன்று எழுதும் இடத்தில் இன்னொன்று கைவைக்காதபடி பூட்டுப் போட்டுக் காக்கும் மென்பொருளைத்தான் அவர் எழுதினார். பெயர் அப்படி வந்தது. இதற்கு முன் ஒன்பது வருடம் பஸ் டிக்கெட் மெஷினுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். "அங்க ஒரே கோர். சொன்னா சொன்னபடி கேக்கும். இங்க கூட்டுக் குடும்பத்துல வாக்கப்பட்ட மாதிரி இருக்கு" என்பார். அவர் வாழ்க்கைப்பட்டதும் கூட்டுக் குடும்பத்தில்தான். ஏழு பேருக்கு ஒரே குளியலறை.

அவருக்குப் பக்கத்து இருக்கை எனக்கு. அவர் நாற்காலியில் முதுகு சாயாது. அன்று சுத்தமாகவே சாயவில்லை.

அவரைத் தடுத்தது படிவத்தின் ஆறாவது கேள்வி: காரணம் தெரியாத தோல்விகள் எத்தனை? வழக்கம்போல் பூஜ்யம் எழுதப் போனவர், எழுதும் முன் பழைய ரிப்போர்ட்டுகளை ஒருமுறை தேடினார். நான்கு மாதத்தில் இன்னும் அச்சாகாத சிப்பைப் போலவே இயங்கும் எங்கள் ஆறு சோதனைப் போர்டுகளிலும் சேர்த்து இரண்டு லட்சம் தடவை எட்டு கோர்களையும் எழுப்பிப் பார்த்திருக்கிறோம். எல்லாம் பச்சை, அதாவது தேர்ச்சி. அதில் பதினோரு பச்சைக்குப் பக்கத்தில் மட்டும் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'இரண்டாவது முயற்சியில் சரி.'

அந்த வரியை எழுத வைத்தவரே அவர்தான். ஆரம்பத்தில் போர்டுகளின் கேபிள் ஆடிக்கொண்டிருந்தது. போர்டு பாதியில் உறைந்து நின்றால் தானாக அணைத்துப் போட்டு இன்னொரு முறை ஓட்டிப் பார், ஓடினால் பச்சை என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தார். இரண்டாம் மாதம் கேபிள்களை எல்லாம் மாற்றினார்கள். ஸ்கிரிப்ட்டை யாரும் மாற்றவில்லை. பதினொன்றில் ஒன்பது, கேபிள் மாற்றிய பிறகு வந்தவை.

கேப்டன் வந்தார். "என்னம்மா, பேனாவுல மை இல்லையா? என்னோடதத் தரவா?"

பூட்டக்கா திரையைக் காட்டினார். கேப்டன் குனிந்து படித்தார்.

"ரெண்டாவது தடவை ஓடியிருக்கே."

"மொதத் தடவை ஏன் ஓடலன்னு யாருமே பாக்கல சார்."

"பாக்காம விட்டது யாரு?"

"நான்தான்."

கேப்டன் நிமிர்ந்தார். தாடியைக் கூப்பிட்டார். தாடி அமைதியான மனிதர். அன்று அவர் கூடத் தாடியைச் சொறிந்துகொண்டே பேசினார். "எங்க பக்கம் கணக்குப்படி எல்லாம் சரியா இருக்குக்கா. நீங்க எழுதின மென்பொருள் கோடுல எங்கயாவது தடுப்பு விட்டுப்போயிருக்கும். அப்படின்னா சிப்பு போகட்டும். கோட பின்னாடி மாத்திக்கலாம்."

அறையில் எல்லோரும் அதையே விரும்பினோம். பூட்டக்காவும்தான். தப்பு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஒருவர் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. தன் மென்பொருள் கோடை வரிவரியாக விரலால் தொட்டுப் படித்தார். முதல் கோர் வேலையை நினைவகத்தில் எழுதும். 'எழுதியது போய்ச் சேரும்வரை நில்' என்ற தடுப்பு அடுத்து வரும். அதற்கப்புறம்தான் 'வேலை தயார்' என்ற கொடி ஏறும். கொடியைப் பார்த்து மற்ற கோர்கள் வேலையைப் படிக்கும். தடுப்பு இருந்தது. எல்லா இடத்திலும் இருந்தது.

"அப்ப ஒறைஞ்ச போர்டு ஒண்ணு கைக்குக் கிடைக்கணும்" என்றார். "அணைக்கிறதுக்கு முன்னாடி."

பன்னிரண்டரைக்கு ஸ்கிரிப்ட்டிலிருந்து அந்த இரண்டாவது முயற்சியை வெட்டி எறிந்தார். ஆறு போர்டுகளும் ஓட ஆரம்பித்தன. ஒரு தடவைக்கு ஐந்து விநாடி. சோதனை அறையில் விசிறிகளின் இரைச்சல். சுவரை ஒட்டிய மேசையில் ஆறு எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. ஆயிரம். ஆயிரத்தைந்நூறு. சாப்பிட யாரும் எழுந்திருக்கவில்லை. பதினோரு முறை இரண்டு லட்சத்தில் என்றால், நான்கு மணி நேரத்தில் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் எதைச் சொல்லி நிறுத்துவது?

பூட்டக்காவின் கணவர் போனில் கூப்பிட்டார். "போட்டாச்சா?"

"இன்னும் இல்லங்க."

"அஞ்சு மணிக்குன்னியே."

"வைங்க, அப்புறம் பேசறேன்." போனை வைக்கும்போதும் கண் எண்களிலேயே இருந்தது.

மூன்றரைக்கு கேப்டன் வாசலில் நின்றார். "ஒண்ணும் வரலன்னா கையெழுத்துப் போடணும்மா. சந்தேகத்துக்காகல்லாம் ஆலையைக் காக்க வைக்க முடியாது."

"தெரியும் சார்."

நாலு பத்துக்கு நான்காவது போர்டின் எண் நின்றது. 2618. மற்ற ஐந்தும் ஏறின. அது ஏறவில்லை. எங்கள் எல்லோருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. உறைந்த போர்டைப் பார்த்தால் விரல் ரீசெட் பொத்தானுக்குப் போய்விடும். தாடியின் விரல் போனது.

"தொடாதீங்க!"

பூட்டக்கா தாடியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிடித்தது இருவருக்குமே தாமதமாகத்தான் தெரிந்தது. தாடி கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "சரிக்கா. கையக் கட்டிட்டேன்."

பூட்டக்கா சோதனைக் கேபிளைச் செருகினார். இரண்டாம் தடவைதான் உள்ளே போனது. எட்டு கோர்களையும் நின்ற நிலையிலேயே நிறுத்தி, ஒவ்வொன்றின் கையிலும் என்ன இருக்கிறது என்று வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன். ஆறாவது கோரில் நிறுத்தினார். கொடி: ஒன்று. வேலை: பூஜ்யம். வேலையே இல்லை என்று நம்பி அது தூங்கப் போய்விட்டது. மற்ற ஏழும் அதற்காகக் காத்திருந்தன.

"என்ன அர்த்தம்?" என்றார் கேப்டன்.

"எங்க வீட்டு பாத்ரூம் மாதிரி சார். காலின்னு குரல் வந்துடுச்சு, மாமனார் இன்னும் உள்ளதான் இருக்கார். நான் கோடுல சொல்லியிருக்கேன், வெளிய வந்து அப்புறம் குரல் குடுன்னு. சிப்பு கேக்கல."

யாரும் சிரிக்கவில்லை. தாடி அந்த இரண்டு எண்களையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "தடுப்பத் தாண்டிக் கொடி போயிருக்கு. நினைவகத்துக்குப் போற வழியில, என் பகுதியில" என்றார்.

மணி நாலு முப்பத்தைந்து. கேப்டன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பூட்டக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். குரல் தணிந்திருந்தது. "உன் கோடுல ரெண்டு தடவை படிக்கச் சொன்னா ஓடுமா?"

"ஓடும்."

"அப்புறம் என்ன?"

"என்னோட கோடு ரெண்டு தடவை படிக்கும் சார். சிப்ப வாங்குறவன் எழுதுற கோடு எதுக்கு ரெண்டு தடவை படிக்கணும்? தடுப்பு இருக்குன்னு நாமதானே புத்தகத்துல எழுதிக் குடுக்குறோம்?"

கேப்டன் தாடியைப் பார்த்தார். "எத்தனை நாள்?"

"திருத்தி, முழுசா மறுபடி ஓட்டிப் பாக்க அஞ்சு வாரம்."

பூட்டக்கா படிவத்தை முன்னால் இழுத்தார். ஆறாவது கேள்விக்கு நேராக 'பதினொன்று, இன்று ஒன்று' என்று எழுதினார். அதன் கீழே எழுதத் தொடங்கினார்: 'என் ஸ்கிரிப்ட் இவற்றை நான்கு மாதமாக மறைத்தது.'

"அது வேணாம்மா" என்றார் கேப்டன். "சிப்புல பிழைன்னு மட்டும் எழுது. மேல இருக்கவங்க இதைத்தான் மொதல்ல படிப்பாங்க."

"படிக்கட்டும் சார். மொதத் தடவையே பாத்திருந்தா இந்த அஞ்சு வாரம் போயிருக்காது. அதுவும் கணக்குல வரணும்ல?" வாக்கியத்தை முடித்து முற்றுப்புள்ளி வைத்தார். கையெழுத்துக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

கேப்டன் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அதை மாற்றி எழுதச் சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு, ஆலையிடம் பேசத் தாழ்வாரத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய ஒரு கை மட்டும் காற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஐந்து பத்துக்குப் பூட்டக்கா கணவரைக் கூப்பிட்டார்.

"இன்னைக்குப் போகலங்க. அஞ்சு வாரம் தள்ளிப்போச்சு."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டிருக்க வேண்டும்.

"ஆமா, நான்தான் நிறுத்தினேன். இவ்வளவு லேட்டானதும் என்னாலதான். வீட்டுக்கு வந்து சொல்றேன்."

நாற்காலியில் முதுகைச் சாய்த்தார். நான்காவது போர்டு அதே எண்ணில் நின்றுகொண்டிருந்தது. தாடி அதன் சுவிட்சின் மேல் காகிதம் ஒட்டி, 'அணைக்காதே' என்று எழுதிக்கொண்டிருந்தார்.