ரதியும் மதனும் ஆடிய ஜெயரூபன்

எங்கள் கோயில் கமிட்டி ஜெயரூபனிடம் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். மதன், ரதி இரண்டு வேஷமும் ஆம்பளைகள்தான் கட்டுவார்கள். மதன் களத்துக்கு வரத் தப்பில் ஓர் அடி, ரதி வர வேறோர் அடி. தப்படிப்பவன் நான். ஜெயரூபன் பல வருஷம் ரதி ஆடியவன். வேஷம் கலைத்த பிறகும் சில நாள் பொட்டு வைத்துக்கொண்டு பெண்களோடு பீலியில் தண்ணீர் பிடிப்பான். சில நாள் மீசையை முறுக்கிக்கொண்டு ஆம்பளைகளோடு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போவான். மீசையும் பொட்டும் சேர்ந்தே இருக்கிற நாளும் உண்டு.

தொண்ணூற்றெட்டில் கமிட்டித் தலைவர் அழகையா அவனை எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"டேய், நீ ஆம்பளையா, பொம்பளையா? ஒண்ணச் சொல்லு. ஊரே சிரிக்குது."

"ஒரு நாளைக்கு அப்பிடி, ஒரு நாளைக்கு இப்பிடிங்க. ரெண்டும் நான்தான்."

"சாமி காரியத்துக்கு அதெல்லாம் ஆகாது. இனி ஒனக்கு ரதி கெடையாது. மதன் கட்டி ஆம்பளையா இரு. இல்லாட்டி களத்துப் பக்கமே வராத."

கூத்தை விட்டால் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது? மதன் கட்டினான். ரதி வேஷம் தலைவர் மகன் கிஷாந்தனுக்குப் போனது.

சிவன் நெற்றிக்கண்ணில் மதன் எரிந்து விழுந்ததும் ரதி அழ வேண்டும். அதைக் கேட்டு லயத்து வீட்டுப் பெண்கள் கண்ணீர் விட்டால்தான் மூன்றாம் நாள் மதன் உயிரோடு எழுவான் என்பது எங்கள் நம்பிக்கை. கிஷாந்தன் வாயைத் திறந்தான். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற மாதிரி வந்தது ஒப்பாரி. பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"இந்த அழுகைக்கு மதன் எந்திரிச்சா, ஓடித்தான் போவான்!" என்று கத்தினாள் கொழுந்தெடுக்கும் ரெங்கம்மா. "ஏய் ஜெயரூபா, நீயே அழுடா!"

செத்துக் கிடந்த மதன் எழுந்தான். கிரீடத்தைக் கழற்றினான். கிஷாந்தனின் முக்காட்டுத் துணியை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு, தான் கிடந்த இடத்தைப் பார்த்து அழத் தொடங்கினான். நான் ரதி அடிக்கு மாறினேன். களமே அழுதது. அழகையா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மூன்றாம் நாள் மதனாக எழுந்ததும் அவனேதான்.

அடுத்த மாசிக்குத் தலைவரே அவன் வாசலுக்கு வந்தார்.

"இந்தத் தடவ எது கட்டுறப்பா?"

"அன்னைக்கு மனசு எப்பிடியோ, அப்பிடிங்க."

"சரி, கட்டு."

பிறகு ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எட்டு வருஷம் இரண்டும் ஆடினான்.

கடைசியில் நெஞ்சு நோவோடு பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் மீசை முறுக்கு மாறவில்லை, நெற்றியில் பொட்டும் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணே, என்னையத் தூக்கிட்டுப் போறப்ப சாவு மேளம் வேணாம். மதன் அடி கொஞ்சம், ரதி அடி கொஞ்சம், மாத்தி மாத்தி அடிங்க. வழி நெடுக அடிங்க."