நுனி முறியாத தர்ப்பை

எழுபதுகளின் கடைசியில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. புல்லுக்குக் காவல். ஸ்ரீரங்கத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. என் மைத்துனன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "அத்திம்பேர் ஆபீஸ்ல புல்லெல்லாம் கரெக்டா டயத்துக்கு வந்துடறதாம்" என்று சொல்லிச் சிரிப்பான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பெருமாள் பார்த்துக் கொடுத்தது என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை கொடுத்தவர் திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். கிறிஸ்தவர். காலைப் பூசை பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்குள் நுழைவார். அதனாலேயே எனக்கு அவரிடம் ஒரு மரியாதை. வையம்பட்டிக்கு அப்பால் ஓர் ஓடையை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் கொஞ்சம் இடத்துக்கு முள்கம்பி வேலி போட்டிருந்தார். வெளியே வெள்வேலமும் உசிலையும் விறகுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆடு கடித்துக் கடித்துப் புல் தரையோடு தரையாகக் கிடந்தது. கடிக்க விடாமல் அடைத்து வைத்தால் பழைய புல்லெல்லாம் தானாகத் திரும்பி வருமா? அவருக்குத் தெரிய வேண்டியது அதுதான். வேலிக்குள் ஒரு மீட்டர் சதுரமாகப் பத்துக் கட்டம். மூலைக்கு மூலை ஒரு குச்சி. ஒவ்வொரு புரட்டாசியிலும் வந்து, கட்டம் கட்டமாகக் குந்தி உட்கார்ந்து, எந்தப் புல் எத்தனை தூர் என்று எண்ணிச் சொல்வார். நான் நோட்டில் எழுதுவேன்.

ஆடு மாடு உள்ளே வராமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் பொறுப்பு. மழை பொய்த்த வருஷங்கள் அவை. எலும்பு தெரிகிற மாடுகள் கம்பியில் கழுத்தை வைத்துக்கொண்டு உள்ளே பார்க்கும். ஆனாலும் விரட்டினேன்.

எங்கள் வழக்கத்தில் ஆவணி அமாவாசையன்று எடுத்த தர்ப்பை வருஷம் முழுக்க ஆகும். மற்ற நாளில் எடுத்ததற்கு அந்தப் பலம் கிடையாது. நுனி முறிந்திருக்கக் கூடாது. அப்பாவின் திவசத்துக்கு வேரோடு வேண்டும். வெளியே இருந்த தர்ப்பையில் ஒன்றுக்குக்கூட நுனி இல்லை, எல்லாம் ஆடு வாய் வைத்தது. வேலிக்குள் ஓடைப்பக்கம் ஊசி ஊசியாக நின்றது. பக்கத்துக் கிணற்றில் குளித்து, ஈர வேஷ்டியோடு கிழக்கே பார்த்து உட்கார்ந்து, மந்திரத்தைச் சொல்லி எடுத்தேன். குச்சிக்கு அந்தண்டையா இந்தண்டையா என்று பார்க்கவே தோன்றவில்லை. நல்லதாகப் பார்த்துப் பிடுங்கினேன். பிடுங்கிய இடத்தில் பூமி வாயைப் பிளந்துகொண்டிருக்கக் கூடாதே என்று மண்ணை மூடிக் கையால் தடவியும் விட்டேன். வேலி ஆட்டுக்குத்தானே? மழை பெய்தால் மறுபடி வரப்போகிறது.

முதல் வருஷம் வீட்டுக்கு மட்டும். அடுத்த வருஷம் திவசம் பண்ணிவைக்கிற வாத்தியார் கேட்டார். அப்புறம் பாதித் தெரு கேட்டது. "வேலிக்குள்ள எடுத்தது, ஆட்டு வாயே படலை" என்று என் மனைவி பெருமையாகப் பிரித்துக் கொடுப்பாள்.

அங்கே ஆடு மேய்க்கிற ஓர் அம்மாள் ஒரு தடவை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் சாமி, எங்க ஆடு தின்னா பாவம், நீங்க புடுங்குனா புண்ணியமுங்களா?"

"இது பகவத் காரியம்மா."

"ஆட்டுக்கும் அவருதான வயித்தைக் குடுத்தாரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

நாலாவது புரட்டாசி. எண்ணி முடித்த பேராசிரியர் எழுந்திருக்கவில்லை. நோட்டை வாங்கிப் பழைய பக்கங்களைப் புரட்டினார்.

"மத்த புல்லெல்லாம் வருதுங்க. கொழுக்கட்டைப்புல்லு எப்படி வந்திருக்கு பாருங்க. தர்ப்பை மட்டும் வருஷா வருஷம் குறையுது. எலி, பூச்சின்னு ஏதாவது பாத்தீங்களா?"

"இல்லீங்க சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த நிலம் முழுக்கத் தைலமரம் வைக்க ஓர் அரசு அலுவலகத்தில் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கன்றுகூடத் தயார். அடைத்து வைத்தாலே புல் திரும்பும் என்று காட்டினால் விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். "இந்தக் கணக்கைக் குடுத்தா, அடைச்சு வெச்சும் இங்க முக்கியமான புல்லே தானா சாகுது, தைலமரமே வையுங்கன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். திங்கக்கிழமை அனுப்பணும்."

அன்று இரவு தளிகை இறங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் மனைவி, "ஏன்னா, பெருமாள் காரியத்துக்குத்தானே எடுத்தேள்? திருடினேளா என்ன?" என்றாள்.

"கேக்காம எடுத்தா அதுக்கு வேற என்ன பேரு?"

"வேலை போயிடும்னா. ரெண்டு பொண்ணு இருக்கா." என்றாள்.

மறுநாள் கோயிலுக்குப் போய் நின்றேன். என்ன கேட்பது? நான் எடுத்தது யாருக்கும் தெரியக் கூடாது என்றா, அந்த நிலம் பிழைக்க வேண்டும் என்றா? இரண்டையும் ஒரே வாயால் கேட்க முடியவில்லை. ஒன்றும் கேட்காமல் சேவித்துவிட்டு வந்தேன். வாழ்க்கையில் அப்படி வெறுங்கையாக நான் திரும்பியதில்லை.

சனிக்கிழமை கல்லூரிக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியர் திட்டுவார் என்று இருந்தேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்தான் வந்தது. பரபரவென்று நோட்டை எடுத்தார்.

"அப்ப அது தானா சாகலை! உட்காருங்க. எந்த வருஷம், எந்தக் கட்டத்துல, எத்தனை தூர் எடுத்தீங்க? சொல்லுங்க, சேர்த்துப் பாத்துடலாம்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். நான் கண்ணை மூடினேன். ஈர வேஷ்டி ஞாபகம் வந்தது, மந்திரம் ஞாபகம் வந்தது, கட்டு தலையில் கனத்தது ஞாபகம் வந்தது. கட்டம் வரவில்லை. எண்ணிக்கை வரவில்லை. எதையாவது சொன்னால் நம்பிவிடுவார், நிலம் பிழைத்துவிடும். சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது.

"மூணாவது கட்டத்துல... ஒரு பன்னெண்டு தூர் இருக்கும்."

எழுதினார். "அடுத்தது?"

அவர் அப்படி நம்பி எழுதியதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அடிச்சுடுங்க சார். எனக்குத் தெரியலை. சும்மா சொன்னேன்."

எழுதியதை ஒரு தடவை படித்தார். பிறகு அந்தப் பன்னிரண்டை அடித்தார். நாலு வருஷத்துத் தர்ப்பைக் கணக்கையும் பக்கம் பக்கமாக அடித்தார். "இது இல்லாம மத்ததை வெச்சுக் கேட்டுப் பாக்கறேன். கேப்பாங்களான்னு தெரியலை" என்றார். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கேட்கவில்லை. காவல்காரனே பிடுங்கிய புல் என்று அந்த அலுவலகத்தில் சிரித்தார்களாம். ஐப்பசி மழைக்கு முன்னால் குழி வெட்ட ஆள் வந்துவிட்டது. ஓடைப்பக்கத்தை மட்டுமாவது விடச் சொல்லி மேஸ்திரியின் கையைப் பிடித்தேன். "கயிறு புடிச்சாச்சு சாமி. கோட்டுலதான் குழி விழணும்" என்றார். ஆடு மேய்க்கிற அம்மாளும் வந்து நின்றாள். இந்தத் தடவை கேலி இல்லை. "இனிமே ஆட்டை எங்கிட்டு ஓட்டுறது?" என்று கேட்டாள். என்னைக் கேட்டாளா, ஓடையைக் கேட்டாளா தெரியவில்லை.

பேராசிரியர் மத்தியானம் பஸ்ஸில் வந்தார். குழி வெட்டுகிறவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, முதல் கட்டத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அடுத்த கட்டத்துக்கு நாங்கள் நகர்ந்ததும், எழுதி முடித்த கட்டத்தில் கடப்பாரை இறங்கியது.