நடாமல் விட்ட மூலை

அண்ணனின் சட்டைக் காலரில் நான் மாட்டிவிட்ட மைக் ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். மாட்டும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி, "இதுல என்னென்ன கேக்கும் தங்கச்சி?" என்பார். "நீங்க பேசுறது எல்லாம் கேக்கும்ணே" என்பேன். தலையாட்டிவிட்டு வயலுக்குள் இறங்கிவிடுவார். அந்த மைக்கில் பதிவான ஒரு சிறு துண்டு இன்னும் என் கணினியில் இருக்கிறது. இருபது விநாடிகூட வராது.

அண்ணன் என்று கூப்பிட்டாலும் அவர் எனக்கு உறவில்லை. வலங்கைமானுக்குப் பக்கத்தில் குடமுருட்டி ஆற்றங்கரையோரம் பயிர் செய்கிறவர். நான் சென்னையில் ஒன்பது வருடம் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தேன். யாரோ சிரிப்பார்கள், யாரோ அழுவார்கள், நான் வெட்டி ஒட்டுவேன். ஒருநாள் ஒரு மணப்பெண்ணின் முகத்தை நாலு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகும் அவள் பெயர் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்கே வேலையை விட்டேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் எட்டு மாதம் கழித்துத்தான் விட்டேன். ஒரு சம்பா பருவத்தை, நாற்று விடுவதிலிருந்து அறுப்பு வரை, ஒரே ஒரு விவசாயியோடு இருந்து படமாக்குவது என்று முடிவு செய்து ஒரு கேமராவோடு வந்து சேர்ந்தேன். அதை எடுத்து முடித்தால் நான் எதற்காக இருக்கிறேன் என்பது தெரிந்துவிடும் என்று அப்போது நம்பினேன்.

அண்ணன் பத்து வருடம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். ஏன் திரும்பி வந்தார் என்று பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "நெலம் சும்மா கெடந்துச்சு, வந்துட்டேன்." கேமராவைப் பார்க்காமல் சொல்வார். படத்தின் நடுவில் வரவேண்டிய பதில் அதுவல்ல என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அவருடைய வயலில் வடிகாலை ஒட்டிய மூலையில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் நடாமல் கிடந்தது. கோரை மண்டியிருந்தது. உழவு நாளில் டிராக்டர் அந்த இடத்தை வளைத்துக்கொண்டு போனது. டிராக்டருக்குப் பின்னால் புழு பொறுக்கிக்கொண்டு வந்த கொக்குகளும் அதே மாதிரி வளைந்து நடந்தன. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகு எடிட் செய்யும்போது பார்த்தேன். அந்த மூலையைப் பற்றி அன்றே கேட்டதற்கு அண்ணன், "அங்க நடறதில்லைங்க" என்றார். முதல்தடவையாக எனக்கு 'ங்க' போட்டார்.

நடவு நாள் வந்தது. வானம் மூடியிருந்தது, மத்தியானம் போலவே இல்லை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக, பின்னோக்கி நகர்ந்தபடி நட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த மூலை நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் வரிசை தானாக வளைந்தது. முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்றால் நாம் ஒதுங்குவோமே, அப்படி. அதை எதிர்ப்பக்கமிருந்து எடுக்க வேண்டும் என்று ஆசை. கேமராவை வரப்பில் ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டு, இன்னொரு கோணம் பார்ப்பதற்காகக் கோரைக்குள் கால் வைத்தேன்.

முதல் கால் முட்டி வரை போனது. அடுத்தது தொடை வரை. மற்ற வயல்களின் சேறு வெதுவெதுப்பாக இருக்கும். இது சில்லென்று இருந்தது. காலை இழுத்தேன். சேறு விடவில்லை. பயத்தில் எனக்குக் குரலே எழவில்லை. நடவுப் பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள், ஆனால் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் பார்த்தார்கள்.

அண்ணன் வயலின் மறுகோடியிலிருந்து நட்ட நாற்றை மிதித்துக்கொண்டு ஓடிவந்தார். வரப்பில் குப்புறப் படுத்து, என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, "தம்பி, விட்ராதடா. மேல வா தம்பி" என்று இழுத்தார். வெளியே வந்து விழுந்த பிறகும் கையை விடவில்லை. சிறிது நேரம் கழித்துத்தான் என்னைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அண்ணி எனக்குத் தலைக்கு வெந்நீர் ஊற்றினார். "அவங்க தம்பி அந்த எடத்துலதான் போனாரு" என்றார். பெருமழையில் வடிகால் அடைத்துக்கொண்டதை எடுத்துவிடப் போனவர், கால் புதைந்து, ஏறிவந்த தண்ணீரில் போய்விட்டார். அதற்கு முன் அண்ணனைச் செல்போனில் கூப்பிட்டிருக்கிறார். உள்ளூரில் யாரும் எடுக்காததாலோ என்னவோ, சிங்கப்பூருக்கு. அண்ணன் சாரத்தின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். எடுக்கவில்லை.

மறுநாள் பதிவுகளை ஒத்துப் பார்த்தேன். கேமராவின் ஒலி ஒன்று, அண்ணனின் மைக் ஒலி ஒன்று. மோட்டார் நிற்கும் சத்தம் இரண்டிலும் இருந்ததால் பிசகில்லாமல் பொருத்த முடிந்தது. மறுகோடியில் அண்ணன் மோட்டார் பழுது பார்க்க வந்தவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். பாதிப் பேச்சில் நிறுத்துகிறார். "வர்றேண்டா, வர்றேன்" என்கிறார். பிறகு ஓடும் சத்தம். அதற்கு ஏழு விநாடி கழித்துத்தான் என் கால் சேற்றில் இறங்கும் சத்தம் வருகிறது. பத்துமுறை மாற்றிப் பொருத்திப் பார்த்தேன். ஏழு விநாடி மாறவே இல்லை.

அண்ணனிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "நீங்க கூப்பிட்டீங்கல்ல?" என்றார்.

"இல்லண்ணே. எனக்குச் சத்தமே வரல. அப்ப நான் வரப்புலதான் நின்னேன்."

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு என் கையைப் பிடிக்கும் காட்சியை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். சேற்றிலிருந்து ஓர் உடம்பு மேலே வருகிறது. முகமெல்லாம் சேறு, யாரென்று தெரியாது. நாலுமுறை பார்த்தார். "வெளிய வந்துட்டான்ல" என்றார், என்னிடம் இல்லை.

அந்த இருபது விநாடி படத்தில் இருந்திருந்தால் அது போகாத திரைப்பட விழாக்களுக்கெல்லாம் போயிருக்கும். சேர்த்து வெட்டியும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அண்ணனுக்கு வந்த அழைப்பை நான் ஒட்டுக்கேட்பது போலிருந்தது. எடுத்துவிட்டேன். படம் அமைதியாக, கொஞ்சம் நீளமாக வந்தது. ஊர்க் கல்யாண மண்டபத்தில் போட்டோம். நான் எதற்காக இருக்கிறேன் என்பது அதிலும் தெரியவில்லை. பிழைப்புக்கு மறுபடியும் கல்யாண வீடியோதான். ஆனால் இப்போது மணப்பெண்களின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டுதான் எடிட் செய்ய உட்காருகிறேன். வருடத்தில் பாதி அண்ணன் ஊரில்தான், அடுத்த படத்துக்காக.

அடுத்த சம்பாவில் அண்ணன் அந்த மூலையில் தானே இறங்கிக் கோரையைப் பிடுங்கி, தானே நட்டார். கணுக்காலுக்கு மேல் சேறு ஏறவில்லை.

இந்தத் தை மாதம் அறுப்புக்குப் போயிருந்தேன். கேமரா கொண்டுபோகவில்லை. அறுவடை இயந்திரத்தை ஓட்டி வந்தவர் வெளியூர், அந்த வயலுக்குப் புதியவர். மூலையை நெருங்கும்போது வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். பிறகு தலையை வெளியே நீட்டி, "அங்க நிக்கிறவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றார்.

கதிர்கள் அசையாமல் நின்றன. மூலையில் யாரும் இல்லை.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நவுந்துக்குவான். நீங்க நேரா ஓட்டுங்க" என்றார்.

வண்டி நேராகப் போனது.