ஒன்றும் முடியாது என்று சொன்னவள்

என் தம்பி விமலனுக்குப் பிறந்ததிலிருந்தே கால் இரண்டும் வராது. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். ஆனால் கை இருக்கிறதே, அப்பப்பா! எங்கள் ரெம்பியா ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களில் புல் வெட்டும் மெஷின் எது பழுதானாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிரித்து மாட்டிவிடுவான். வாயும் லேசுப்பட்டதல்ல. "அக்கா, ஒன் சாம்பாருக்கு என் எஞ்சின் ஆயிலே தேவல லா" என்பான்.

வருடத்துக்கு ஒருமுறை வெல்ஃபேர் ஆபீசில் அவனுடைய உதவித்தொகையைப் புதுப்பிக்க வேண்டும். அங்கே போனால் எங்களைப் போல முடியாதவர்களைக் கூட்டி வருகிற எல்லாருக்கும் ஒரே பாட்டுதான். தானாகச் சாப்பிடுவாரா? முடியாதுங்க. குளிப்பாரா? முடியாதுங்க. கொஞ்சம் முடியும் என்று வாய் தவறினால் நிறுத்திவிடுவார்களோ என்று பயம். நான் மூக்கைச் சிந்துவேன். விமலன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வெளியே வந்ததும் இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்காது.

இரண்டாயிரத்து இருபத்தொன்று ஆகஸ்டில் அவனுக்குக் கோவிட் வந்தது. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே கூடாரம் போட்டு அங்கேதான் படுக்க வைத்தார்கள். பிளாஸ்டிக் உடுப்புக்குள் ஒரு தமிழ் டாக்டர், சின்னப் பெண், எழுதி நிரப்புகிற பாரமும் பேனாவுமாக வந்தாள்.

"இவரு தானா சாப்புடுவாராக்கா?"

"முடியாதுங்க."

"குளிக்கிறது?"

"முடியாதுங்க."

"வேல ஏதாச்சும்?"

"ஒன்னும் முடியாதுங்க டாக்டர், பாவம்."

பழகிய வாய். பதறிப்போன நேரத்தில் அதுதான் வந்தது. பாவம் என்றால் முதலில் கவனிப்பார்கள் என்று நினைத்தேன், சண்டாளி நான். விமலன் என்னையே பார்த்தான். கையைத் தூக்கி விரல்களை மடக்கி விரித்துக் காட்டினான். டாக்டர் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தாள்.

மூச்சுக்கு வைக்கிற மெஷின் அவனுக்குக் கிடையாது என்று அப்புறம்தான் சொன்னாள்.

"இல்ல டாக்டர், எல்லாம் செய்வான், எஞ்சினே பிரிச்சு மாட்டுவான்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"எழுதியாச்சுக்கா. நல்லா இருக்கிறவங்களுக்கே பெட்டு இல்ல."

நல்லா இருக்கிறவர்கள் எதற்கடி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்? நாசமாய்ப் போக!

மூன்றாம் நாள் போனில் சொன்னார்கள். முகத்தைக்கூடக் காட்டவில்லை.

பதினாறாம் நாள் பக்கத்து வீட்டு ராஜம்மா வேலியோரம் நின்று, "போவட்டும் நிர்மலா, ஒனக்கும் பாரம் கொறஞ்சுச்சு" என்றாள்.

"வாய மூடுக்கா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். மூடிக்கொண்டு போனாள்.

அவளைத் திட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நான் மட்டும் என்ன கேட்டேன்? வேலை செய்வான், எஞ்சின் மாட்டுவான், அதனால் காப்பாற்று என்றுதானே கெஞ்சினேன். ஒன்றுமே முடியாதவனாக இருந்தாலும் அவனுக்கும் மூச்சு வேண்டும் என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.