அம்மாவின் கணக்கில் நான் சுற்றிய தார்

நைனாவின் தங்கை, என் அத்தை, மெட்ராசில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். மனசு சரியில்லாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டு அது. வெளியே தெரிந்தால் அவள் கல்யாணத்துக்கு இடைஞ்சலாகும் என்று, பிரசவ ஆஸ்பத்திரி என்றுதான் நைனா ஊரில் சொல்லிவைத்திருந்தார். ஆகவே ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் திருத்தணியை விட்டுப் போன அடுத்த வாரம், அத்தை டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியதும், அம்மா மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்று எங்கள் நெசவுத் தெரு ஒரே மனதாக முடிவு கட்டிவிட்டது. இரண்டு வீட்டிலிருந்து புளிச்சோறுகூட வந்தது.

அம்மா உண்டாகவில்லை. மூன்று மாதமாக அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தாள். பிறகு தலைவாருவதை நிறுத்தினாள். பிறகு சோற்றை. காலையில் நான் பள்ளிக்கூடம் போகும்போது ராட்டைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்; சாயங்காலம் திரும்பி வந்தால் அதே சுவர், அதே அம்மா. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. காரணம் கேட்டவர்களுக்குச் சொல்ல நைனாவிடம் ஒன்றும் இல்லாததால் அவரும் வாசலில் நிற்பதைக் குறைத்துக்கொண்டார்.

விஷயம் மெல்லத் தெரிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். கயிறு கட்டச் சொன்னார்கள், மலைக்கு முடி வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். அத்தை எதையும் மறுக்கவில்லை. கயிற்றைத் தானே வாங்கி அம்மாவின் கையில் கட்டினாள். ஒன்றுக்கு மட்டும் தடை போட்டாள்.

"தைரியமா இருன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. கால் ஒடிஞ்சவங்கள எழுந்து நடன்னு சொல்லுவீங்களா?"

வந்தவர்கள் சீக்கிரமே எழுந்து போனார்கள்.

அத்தை செய்ததையெல்லாம் வைத்தியம் என்று எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் கொடுப்பாள். அது தவிர, அம்மா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். தலையை எண்ணெய் தடவிச் சிக்கெடுப்பாள். இரண்டு வாய் ஊட்டிவிட்டு, மூன்றாவது வாய்க்கு அவளாகக் கை நீட்டுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா கொல்லைக்குப் போனால் இவளும் எழுந்து போவாள். அரிவாள்மனை எங்கே வைத்தாள் என்று ஒரு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. காய் நறுக்க எதிர்வீட்டுக்குப் போய்வந்தாள்.

நாலாம் நாள், ராட்டையை அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் நகர்த்தி வைத்தாள். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் போடும் சின்னக் குச்சியில் ஊடை நூலைச் சுற்றுவதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். நைனாவின் தறிக்கு வேண்டிய தாரெல்லாம் அம்மா கையால்தான் வரும். அவள் நிறுத்திய பிறகு பக்கத்து வீட்டுக்காரி சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வதினா, முடிஞ்சா ஒண்ணு சுத்துங்க. முடியலேன்னா வேணாம்," என்றாள் அத்தை. எங்கள் பக்கம் அண்ணியை வதினா என்றுதான் கூப்பிடுவோம்.

அம்மா அன்று இரண்டு சுற்றினாள். அத்தை அவற்றை ஒரு தனிக் கூடையில் போட்டு, சாயங்காலம் காலண்டர் தாளில் இரண்டு என்று எழுதினாள். கூடையை யாரும் தொடக்கூடாது, யாரும் கூடமாட உதவக்கூடாது என்று எனக்கும் நைனாவுக்கும் சொல்லிவைத்தாள். மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் ஒன்று.

அந்த ஒன்று என்னைக் கலக்கிவிட்டது. ஏனென்றால் எதிர்வீட்டுப் பெரியம்மா குழாயடியில் யாரிடமோ சொன்னதை நான் கேட்டிருந்தேன். "நாத்தனார் எதுக்கு வந்துகீறாங்கற? வேலவெட்டி செய்றாளான்னு பாக்கத்தான். தேறலேன்னா மெட்ராசுக்கு இட்டுகினு போய் பூட்டி வெச்சிடுவாங்க."

எனக்கு ஒன்பது வயது. பூட்டு என்றால் என்ன என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் கரும்பலகையில் எண் எழுதினாலே எங்கள் வீட்டுக் காலண்டர்தான் நினைவுக்கு வரும்.

சாயங்காலம் நான் வந்ததும், அம்மாவுக்குத் துணையாக என்னை உட்காரவைத்துவிட்டு அத்தை துணி துவைக்கப் போவாள். தான் பார்த்துக்கொண்டிருந்தால் அம்மாவுக்குக் கை ஓடாது என்று, ராட்டையையும் அந்த நேரத்தில்தான் அம்மா பக்கம் நகர்த்தி வைப்பாள். நைனாவோ தறிக்குழியில் இறங்கினால் தலை நிமிரமாட்டார். அந்த நேரத்தில் ராட்டையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். முதல் நாள் இரண்டு சுற்றிக் கூடையில் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அவளுக்கும் பூட்டுக்குப் பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

எண்ணிக்கை ஐந்தாயிற்று, எட்டாயிற்று. கொல்லைக் கதவு கிறீச்சிட்டால் ராட்டையை அம்மா பக்கம் தள்ளிவிடுவேன். அத்தை துணி உதறும் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே அவசர அவசரமாகச் சுற்றுவேன். இரண்டாம் வாரம் அம்மா ஒன்றுகூடச் சுற்றவில்லை. காலண்டரில் பதினான்கு என்று எழுதிவிட்டு அத்தை சிரித்தாள். அவள் வந்து நான் பார்த்த முதல் சிரிப்பு. அன்று ராத்திரி எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

"வதினா தேறிகினு வர்றாங்கண்ணா," என்று நைனாவிடம் சொன்னாள். "நான் டூட்டிக்குப் போறேன். ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன். இனிமே கொஞ்ச நேரம் தனியா இருந்தாலும் பயமில்ல."

அவள் ரயிலுக்குக் கிளம்பிய காலை, அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தானாக எழுந்தாள். "தண்ணி எடுத்துகினு வரேன்," என்றாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை பின்னால் போகவில்லை. நல்ல அறிகுறி என்று நைனாவின் காதில் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி அன்று தார் கொண்டுவரவில்லை. அம்மா சுற்றியதை எடுத்துக்கொள்ளும்படி அத்தையே சொல்ல, நைனா கூடையிலிருந்து ஒன்றை எடுத்து நாடாவில் போட்டார். நாலு ஓட்டம்கூட ஓடவில்லை, நூல் கொத்தாகக் கழன்று பாவு நூலில் சிக்கிக்கொண்டது. இன்னொன்று போட்டார். அதுவும் அப்படியே.

"இது அவ கை இல்ல," என்றார் நைனா, சலிப்போடு. "அவ சுத்துனா கல்லு மாதிரி இருக்கும். இது எவளோ கத்துக்குட்டி சுத்துனது."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தாள். உள்ளே வந்து கூடையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா எத்தினி சுத்துச்சு?"

நான் கவிழ்ந்த கூடையை நிமிர்த்தி வைத்தேன்.

"அடிக்கமாட்டேன். எத்தினி?"

"இந்த வாரம் ஒண்ணுமே இல்ல அத்தை."

அத்தை வெறுங்காலோடு தெருவில் ஓடினாள். நைனா குழியிலிருந்து ஏறி ஓடினார். நானும் ஓடினேன். குழாயடியில் அம்மா இல்லை. எதிரே வந்த ஒருவர், மலையடிவாரத்துக் குளத்துப் பக்கம் கை காட்டினார். அத்தனை தூரமும் நான் மலை உச்சியைப் பார்த்து முருகனிடம் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: அம்மாவைப் பூட்டிவைக்கக்கூடாது. அதைவிடப் பெரிதாக வேண்டிக்கொள்ள வேண்டியது ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அம்மா குளத்துப் படியில், இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். குடம் காலியாக மேல்படியில் இருந்தது. நைனாவைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, அத்தை மெதுவாக இறங்கி, ஊருக்குப் போகக் கட்டியிருந்த புடவையோடு அம்மா பக்கத்தில் தண்ணீரில் உட்கார்ந்தாள். இழுக்கவில்லை, அழவில்லை.

"நான் வராம இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க வதினா?"

அம்மா சொன்னாள்: "தெரியல."

"சரி. நான் ஊருக்குப் போகல."

"ஆங்," என்றாள் அம்மா. அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தாள். மூன்று மாதத்தில் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

அம்மா தேறினாள். தேற வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் மெட்ராசுக்குப் போய் அத்தையின் வார்டில் சில வாரம் இருந்துவிட்டும் வந்தாள். யாரும் பூட்டிவைக்கவில்லை, சாதம்தான் கொஞ்சம் குழைந்திருக்கும் என்றாள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், குளத்திலிருந்து திரும்பிய அடுத்த வாரங்களில் நான் செய்த காரியம் ஒன்றை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அத்தை என்னை ராட்டைப் பக்கமே விடவில்லை. அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. அதனால் என் குற்றம் எதுவென்று நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. யோசித்ததில் விளங்கிவிட்டது: நான் தளர்வாகச் சுற்றிவிட்டேன். எல்லா வினையும் அதனால்தான். பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் ராட்டையில், விரல் சிவக்கச் சிவக்கப் பதினைந்து நாள் பழகினேன். கல்லு மாதிரி பத்துத் தார் தேறியதும், பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்து அத்தையின் மடியில் கொட்டினேன்.

"பாரு அத்தை, அம்மா சுத்துன மாதிரியே கீது. இனிமே நைனாவால கூட கண்டுபுடிக்க முடியாது."

அத்தை ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு நூல்முனையைத் தேடிப் பிடித்து, உருவ ஆரம்பித்தாள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. பத்தையும் உருவி முடிக்கும்வரை என்னை ஒரு கையால் இறுக்கி அணைத்துக்கொண்டே இருந்தாள். பதினைந்து நாள் உழைப்பு இப்படிப் போயிற்றே என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தைக்கு என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.