மழை மணிக்கு இருபத்தாறு துளைகள்

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைக் கண்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமையை வருடம் முழுக்க நானே தூக்கிக்கொண்டு அலைந்தேன். வேறு யாருக்கும் அதற்கு நேரமில்லை. தீபாவளி சீசன். நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையிலிருந்து திரும்பும் அம்மாவின் முழங்கைவரை வெடிமருந்தில் கலக்கும் வெள்ளித் தூள் மினுங்கும். குளித்து, உலை வைத்து, பிறகுதான் உட்காருவாள். உட்கார்ந்ததும் இருமுவாள்.

விருதுநகரில் அறிவியல் கண்காட்சி. நான் செய்யவிருந்தது மழை மணி: ஒரு துளி விழுந்தால் கூவும் கருவி. வெயிலில் காயும் வெடிகளை நனையாமல் அள்ளிவிடலாம் என்று விளக்கமும் எழுதியாயிற்று. செம்புத் தகடு ஒட்டிய போர்டில் மின்சுற்றுக் கோடுகளை அரித்தெடுக்கும் வேலையை அறிவியல் சார் பள்ளியிலேயே முடித்துக் கொடுத்தார். அதை அளவாக அறுத்து, உதிரிகளைச் செருக இருபத்தாறு துளை போடுவது என் பாடு. பேட்டரியில் ஓடும் சின்ன ட்ரில் ஒன்றும், ஊசி போன்ற பிட் மூன்றும் தந்தார். போர்டுக்குள் கண்ணாடி நார் இருக்கிறது, அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று இரண்டு முகமூடியும், கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் சேர்த்துத் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ட்ரில்லைப் பார்த்ததும் அம்மா, ஆலையில் பழகியபடி, அடுப்பை அணைத்தாள். என் நைலான் துப்பட்டாவைக் கழற்றச் சொன்னாள். முன் கதவு, பின் கதவு இரண்டையும் திறந்து, வழியில் இருந்த குடத்தை நகர்த்தி, தரையெல்லாம் தண்ணீர் தெளித்தாள்.

“வாசலப் பாத்து உக்காரு. ஏதும்னா எந்திரிச்சு ஓட வழி வேணும்.”

“இது வெடிக்காதும்மா!”

“வெடிக்காதுன்னுதான் எல்லாரும் உக்காருறோம்.”

லாரியில் பட்டாசுப் பெட்டி ஏற்றும் அப்பா வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். “பெரிய கம்பெனிதான். நாக்பூர் லைசென்ஸ் வந்திருச்சா?” என்றார். பெரிய ஆலைகளுக்கு உரிமம் அங்கிருந்துதான் வர வேண்டும். படித்தவளின் காரியத்தைக் கேலி செய்கிறாரே என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆக்சா பிளேடால் அறுத்து, உப்புத்தாளில் விளிம்பைத் தேய்ப்பதுவரை சிக்கலில்லை. துளை போடத் தொடங்கியதும் போர்டு நழுவி முதல் பிட் ஒடிந்தது. ஆறாவது துளையில் இரண்டாவதும் போயிற்று. இனி ஒன்றுதான். அதுவும் ஒடிந்தால் கண்காட்சி இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா எதிரே மண்டியிட்டு, போர்டைப் பலகைமேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். “நான் புடிக்கேன். நீ நேரா இறக்கு.”

சரவெடிக்குத் திரி பின்னிப் பின்னி நடுக்கம் மறந்த விரல்கள். போர்டு அசையவில்லை. அவள் திறந்துவைத்த பின் கதவு வழியே வந்த காற்று, தூசியை அவள் முகத்துக்கே கொண்டுபோனது. கண்ணைச் சுருக்கிக்கொண்டாளே தவிர கையை எடுக்கவில்லை.

நான் முகமூடி போட்டிருந்தேன். இன்னொன்று பையில் இருந்தது. அதைப் பிரிக்கவில்லை. ‘பாதுகாப்பு முறைகள்’ என்று நான் எழுதிய அட்டையில் அது புத்தம்புதிதாகத் தொங்க வேண்டும்.

இருபதாவது துளையில் அம்மா என் முகமூடியைப் பார்த்துக் கேட்டாள்: “அதப் போட்டா வெள்ளித் தூளும் உள்ள போகாதோ?”

“இது கண்ணாடித் தூசிக்கும்மா. ஆடாமப் புடி.”

“சரி தாயி.”

கடைசிப் பிட் ஒடியவில்லை. கண்ணாடி நார் குத்தி அரிக்கும் கைகளைச் சொறிந்துகொண்டே அம்மா இரண்டு நாள் வேலைக்குப் போனாள். கண்காட்சியில் மழை மணி கூவியது. முகமூடி அட்டையைக் காட்டி, “பாதுகாப்பை யோசித்த ஒரே பிள்ளை” என்று நடுவர் என்னைப் பாராட்டினார். இரண்டாம் பரிசு. அந்தப் பாராட்டை வீட்டில் மூன்று தடவை சொன்னேன். அம்மா மூன்று தடவையும் சிரித்தாள்.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். துளையிடும் அறை வாசலில் ஒரு பெட்டி நிறைய முகமூடி இருக்கும். யாரும் எடுக்கலாம். தினமும் ஒன்றை எடுக்கும்போதே அம்மா அன்று கேட்டது நினைவுக்கு வந்து நான் சோர்ந்துபோகிறேன். அன்றைய வேலையே அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்.

‘எனக்கு இது வேண்டும்’ என்று அம்மா வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அன்று அந்த முகமூடிக்காகத் தன்னால் முடிந்த அளவுக்குச் சொல்லிப் பார்த்தாள். பாடத்தில் ஏதோ சந்தேகமாக்கும் என்று நினைத்து, நான் விளக்கம் சொல்லிவிட்டேன்.